கடல் மீன் குஞ்சைத் தூள் தீவனத்துக்குப் பழக்குறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

உவரி, கூடங்குளம், திசையன்விளை பக்கம் தொட்டி கட்டி கொடுவா குஞ்சு வளக்கணும்னு இப்போ நெறைய பேரு இறங்குதாங்க, உள்ள பாளையங்கோட்டை பக்கத்துலருந்து குளத்துல கொடுவா விடணும்னு கேக்குறவங்களும் இருக்காங்க. எல்லாரும் கடைசில வந்து முட்டி நிக்கிற எடம் ஒண்ணுதான், உயிர் தீனி தின்னுக்கிட்டு இருந்த குஞ்சு கடையில வாங்குற தூள் தீவனத்துக்கு மாற மாட்டேங்குது, மாத்துற வாரத்துல பாதி செத்துப்போகுது. திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளையும் அதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதிலையும் இங்கன ஒரே எடத்துல போட்டுருக்கேன். கொடுவாவ வச்சுதான் பெரும்பாலும் சொல்லுதேன், மத்த மீனுக்கு வித்தியாசம் வர்ற எடத்துல தனியா சொல்லியிருக்கேன்.

பொரிச்ச ஒடனேயே தூள் தீவனத்தப் போட்டா என்ன? எதுக்கு ரோட்டிஃபர், ஆர்டீமியானு (தண்ணியில நீந்துற பொடி உயிருங்க, இதுதான் உயிர் தீனி) இம்புட்டு பாடு?

ஏன்னா குஞ்சுக்கு அப்போ இரைப்பையே கிடையாது. கொடுவா குஞ்சு முட்டையிலருந்து வரும்போது ஒன்றரை மில்லிமீட்டர் வாக்குலதான் இருக்கும், வயித்தோட ஒட்டியிருக்குற மஞ்சக்கருப் பையில இருக்குறத வச்சு ரெண்டு நாள் ஓட்டிரும், பொறவுதான் வாய் தொறக்கும். வாய் தொறந்தாலும் உள்ள இருக்குறது வெறும் குடல் குழாய்தான். அமிலம் சுரக்குற இரைப்பை உருவாக ரெண்டு வாரம் போல ஆகும். அதுவரைக்கும் கெட்டியான புரதத்த அதால சரியா ஒடைக்க முடியாது.

ரோட்டிஃபர் உடம்புல முக்காவாசிக்கு மேல தண்ணிதான், சத்தும் லேசா கரையுற மாதிரி இருக்கும், குஞ்சுக்குச் செரிக்கும். காய்ஞ்ச தீவனத்துல ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழ, தின்னாலும் பாதி அப்படியே வெளிய வந்துரும். அது போக, குஞ்சு கண்ணால பாத்துதான் வேட்டையாடும், துடிச்சு நகருறதத்தான் தீனின்னு நெனைக்கும். தூள் சும்மா கீழ எறங்கிக்கிட்டு இருந்தா அத ஒரு பொருட்டாவே மதிக்காது. தண்ணில விழுந்த சில நிமிஷத்துலயே தூள்ல இருக்குற அமினோ அமிலம், வைட்டமின் சி எல்லாம் கரைஞ்சு வெளிய போக ஆரம்பிச்சுரும், அதனால லேட்டா திங்கிற குஞ்சுக்குக் கிடைக்கிறது சக்கைதான்.

சரி, எத்தனாவது நாள் ஆரம்பிக்கணும்?

எல்லாரும் மொதல்ல கேக்குறது இதத்தான். பொதுவா கொடுவாவுக்கு 2 அல்லது 3 ஆவது நாள்லருந்து ரோட்டிஃபர், 9 - 10 நாள் வாக்குல ஆர்டீமியா, 15லருந்து 20 நாளுக்குள்ள தூள் தீவனத்தக் காட்ட ஆரம்பிச்சு 25 - 30 நாளைக்குள்ள முழுசா மாத்துறதுன்னு ஒரு கணக்கு உண்டு. ஆனா இந்தக் கணக்க அப்படியே நம்பி எறங்காதீங்க, நான் இந்தப் பக்கத்த எழுதுறதே முக்கியமா இதச் சொல்லத்தான். தண்ணி 30 டிகிரில இருந்தா குஞ்சு வெரசா வளரும், 26க்கு எறங்குனா அதே வளத்திக்குக் கூட பல நாள் ஆகும். ஒரே தொட்டில ஒரே நாள் பொரிச்ச குஞ்சுலயே ஒண்ணு இன்னொண்ணுக்கு ரெட்டிப்பு நீளம் இருக்கும். அப்போ 18 ஆவது நாள்ங்கிறது எந்தக் குஞ்சுக்கு?

நாள் பாத்து மாத்தாதீங்க, வயித்தப் பாத்து மாத்துங்க. தீவனத்த முன்னாடியே காட்டி வைக்கலாம், தப்பில்ல, கொஞ்சமா போட்டு வாசம் பழகட்டும். ஆனா ஆர்டீமியாவ நிறுத்துறது மட்டும் முக்காவாசி குஞ்சுக்கு மேல வயித்துல தீவனம் இருக்குறத உங்க கண்ணால பாத்த பொறவுதான்.

வயித்த எப்படிப் பாக்குறது? மைக்ராஸ்கோப் வேணுமா?

இருந்தா நல்லது, இல்லன்னாலும் கவலையில்ல. தீவனம் போட்டு 20 - 30 நிமிஷம் கழிச்சு ஒரு கண்ணாடி பீக்கர்ல, பீக்கர் இல்லையா வீட்டு கண்ணாடி டம்ளர்லயே, தொட்டியோட நடுவுலருந்து கொஞ்சம், ஓரத்துலருந்து கொஞ்சம்னு மோந்து எடுங்க. செவத்துல ஒட்டிக்கிட்டு நிக்குற குஞ்சையும் விடாம எடுக்கணும், ஏன்னா நடுவுல வெளாடிக்கிட்டு இருக்குறதெல்லாம் எப்பவுமே நல்லா திங்கிற குஞ்சு, அதுகள மட்டும் பாத்தா எல்லாம் சரியா இருக்குன்னு தோணிரும். டம்ளருக்குப் பின்னாடி செல்போன் லைட்டப் புடிச்சு சைடுலருந்து பாருங்க. ஆர்டீமியா தின்ன குஞ்சுக்கு வயிறு நல்லா ஆரஞ்சு கலர்ல தெரியும். தீவனம் தின்னதுக்குப் பழுப்பா, கொஞ்சம் மங்கலா தெரியும். ஒண்ணும் திங்காததுக்கு வயிறு உள்ள ஒட்டிப்போயி கண்ணாடி மாதிரி இருக்கும், சிலதுக்குப் பின்னாடி நூல் போல வெள்ளையா கழிவு தொங்கும்.

வளந்த பொறவு உடம்பு கருத்துரும், அப்போ சைடுலருந்து சரியா தெரியாது, வயித்துப்பக்கமா கீழ இருந்து பாக்கணும். பாத்தத ஒரு நோட்டுல எழுதி வைங்க. ஆரஞ்சு எத்தன, பழுப்பு எத்தன, வெறும் வயிறு எத்தன. தினம் காலையும் சாயங்காலமும் பாத்தா நாலஞ்சு நாள்ல உங்களுக்கே ஒரு ஓட்டம் புரிஞ்சுரும், பொறவு யாரையும் போன் போட்டு கேக்க வேண்டி வராது.

ஆர்டீமியாவையும் தீவனத்தையும் சேத்துப் போடுறது எப்படின்னு வெவரமா சொல்லுங்க அண்ணாச்சி.

காலையில வெளிச்சம் வந்த ஒடனே குஞ்சு நல்ல பசியில இருக்கும், ராத்திரி பூரா கண்ணு தெரியாம திங்காம கெடந்துருக்கும். அந்தப் பசியிலதான் மொதல்ல தீவனம். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் தீவனம் மட்டும், பையப் பைய, ஒரு சிட்டிகை போட்டு அது திங்கிறதப் பாத்து அடுத்த சிட்டிகை. பொறவுதான் ஆர்டீமியா. மொதல்ல ஆர்டீமியாவக் கொட்டிட்டா அது வயிறு நெறஞ்சு போயிரும், தூள ஏறெடுத்தும் பாக்காது.

மொத ரெண்டு மூணு நாள் ஆர்டீமியா அளவக் கொறைக்கவே வேண்டாம். பொறவு மத்தியானம் போடுற ஆர்டீமியாவ மட்டும் கொறைங்க, அடுத்து காலை ஆர்டீமியா. சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடி போடுறத கடைசி வரைக்கும் விட்டு வைங்க, தீவனம் பழகாத குஞ்சு அத வச்சுதான் ராத்திரிய தாண்டும். இப்படி ஒரு வாரத்துலருந்து பத்து நாள் போகும். நடுவுல ஒரு நாள் வெறும் வயிறு எண்ணிக்கை கூடுச்சுன்னா திரும்ப முந்தின நாள் அளவுக்கே போயிருங்க.

தீவனத்த கல்யாணப் பந்தி மாதிரி ஒரே நேரத்துல எறக்கக் கூடாது. பகல்ல அரை மணிக்கு ஒரு தடவ, முடியலன்னா ஒரு மணிக்கு ஒரு தடவயாவது, கொஞ்சம் கொஞ்சமா. தண்ணி சுத்துற எடத்துல, ஏர் (தொட்டிக்குள்ள மோட்டார் வச்சு விடுற காத்து) வர்ற எடத்துக்குப் பக்கத்துல போட்டா தூள் கொஞ்ச நேரம் சுழண்டுக்கிட்டு கெடக்கும், அந்த அசைவுதான் குஞ்ச இழுக்கும். ஏர ரொம்ப வேகமா விட்டா குஞ்சு அலைக்கழிஞ்சு திங்காது, ரொம்பக் கொறைச்சா தூள் அடியில போயிரும். போடும்போது மட்டும் ஏரக் கொஞ்சம் தணிச்சு வச்சு, போட்ட பொறவு கூட்டிக்கிடலாம். தினம் ஒரே எடத்துல போடுங்க, நாலு நாள்ல நீங்க கிட்ட போனாலே அங்கன வந்து கூடி நிக்கும்.

ஆட்டோமேட்டிக் ஃபீடர் வாங்கலாமான்னு கேட்டா, பின்னாடி வாங்கிக்கிடலாம். பழக்குற வாரத்துல மட்டும் கையாலயே போடுங்க. கையால போடும்போதுதான் குஞ்சோட நடவடிக்கை உங்க கண்ணுல படும்.

எந்தத் தீவனம் நல்லது? வெளிநாட்டு டப்பாதான் வாங்கணுமா?

மொதப் பார்வை தூளோட அளவுலதான் இருக்கணும். குஞ்சு வாய் எவ்வளவு அகலம் தொறக்குமோ அதுல கால்வாசிலருந்து பாதி வரைக்கும் இருக்குற தூளத்தான் அது லேசா முழுங்கும். கொடுவாவுக்கு ஆரம்பத்துல 200 - 400 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), பொறவு 400 - 600, அப்புறம் 500 - 800னு ஏத்திக்கிட்டே போவாங்க. சைஸ மாத்தும்போதும் பழசையும் புதுசையும் கலந்து நாலு நாள் ஓட்டணும், டக்குனு மாத்துனா சின்னக் குஞ்சு பட்டினி கெடக்கும்.

புரதம் 50 சதவீதத்துக்கு மேல இருக்கணும், மீன் தூள், கணவா தூள், கிரில் தூள் மாதிரி கடல் சரக்கு உள்ளதா பாருங்க, அந்த வாசத்துக்குத்தான் குஞ்சு வரும். சோயாவ மட்டும் நம்பி செஞ்சது இந்த வயசுக்கு ஆகாது. லெசித்தின் மாதிரி பாஸ்போலிபிட் (ஒரு வகைக் கொழுப்பு), டிஹெச்ஏ (மீன் எண்ணெய்ல இருக்குற ஒமேகா-3 கொழுப்பு), வைட்டமின் சி, இதெல்லாம் கொறைஞ்சா குஞ்சு வளந்தாலும் முதுகு வளைஞ்சு, தாடை கோணி வரும், அத யாரும் வாங்க மாட்டாங்க. வெளிநாட்டுத் தீவனம் வெல கூடுதல்தான், ஆனா இந்த ரெண்டு மூணு வாரத்துக்கு ஆகுற அளவு கொஞ்சம்தான். இங்கன மிச்சம் புடிக்காதீங்க, குஞ்சு ஒரு இஞ்சு தாண்டுன பொறவு வெல கொறைஞ்ச தீவனத்துக்குப் போங்க.

நம்ம ஊரு வெயிலுக்கு டப்பாவத் தொறந்து ஷெட்டுல வச்சா எண்ணெய் சீக்கிரமே சிக்குப்புடிச்சுரும். தேவையானத சின்ன டப்பால எடுத்துக்கிட்டு மிச்சத்த காத்துப்புகாம மூடி ஃப்ரிட்ஜுல வைங்க. வெரல்ல எடுத்து கசக்கி மோந்து பாருங்க, கருவாட்டு வாசம் வந்தா சரி, பெயிண்ட் மாதிரி காரமா அடிச்சா தூக்கிப் போட்டுருங்க.

தூத்துக்குடி உப்பளத்துலயே ஆர்டீமியா இருக்காமே, அத எடுத்துப் போடலாமா?

இருக்கு, உண்மைதான். உப்புக் கூடுன பாத்தியில ஆர்டீமியா உயிரோட இருக்கும், உப்பள வேலக்காரங்களுக்கு அது தெரியும். வளந்த ஆர்டீமியாவ நல்லா கழுவி ஒரு இஞ்சு குஞ்சுக்குக் கொடுக்கலாம், ஆசையா திங்கும். ஆனா மொத மாசத்துக் குஞ்சுக்கு வேண்டியது அப்பப் பொரிஞ்ச குட்டி ஆர்டீமியா, அரை மில்லிமீட்டருக்குள்ள. அதுக்கு டின்னுல வர்ற முட்டைய வாங்கி 28 டிகிரி வாக்குல, உப்புத் தண்ணியில, வெளிச்சமும் ஏரும் கொடுத்து ஒரு நாள் வச்சுப் பொரிக்கிறதுதான் வழி.

பொரிச்சதுல ஓட்ட நல்லா பிரிச்சு எடுத்துருங்க. ஏர நிறுத்துனா ஓடு மேல வந்துரும், குட்டி கீழயும் வெளிச்சத்தப் பாத்தும் போகும். ஓடு குஞ்சு குடல்ல மாட்டுனா அடைச்சுக்கிடும். குட்டிய நல்ல தண்ணியில கழுவாம போடாதீங்க, பொரிக்கிற தண்ணியில விப்ரியோ பாக்டீரியா பெருகிக் கெடக்கும். இன்னொண்ணு, ஆர்டீமியால டிஹெச்ஏ இயற்கையா ரொம்பக் கொறவு. அதுக்குத்தான் என்ரிச்மெண்ட் எண்ணெய்ல வச்சு சத்து ஏத்திப் போடுறது. இத விட்டுட்டு வெறும் ஆர்டீமியாவே கொடுத்து வந்த குஞ்சுதான் பழக்குற வாரத்துல, சும்மா வலை வச்சுத் தூக்குனாலே துள்ளி விழுந்து சாகும். தீவனத்து மேல பழி போடுதாங்க, பழி அதுக்கு முந்தின ரெண்டு வாரத்து மேல.

சாளை, நெத்திலிய அரைச்சுப் போட்டா செலவு மிச்சம்தான?

கரையில சாளை வெல எறங்குற நேரத்துல இந்த ஆசை வரத்தான் செய்யும். ஒரு இஞ்சு குஞ்சு நல்லாவே திங்கும், வேகமாவும் வளரும். ஆனா அரைச்ச மீன் தண்ணியில பாதி கரையும், அம்மோனியா ஏறும், சாளை நெத்திலி இனத்துல பலதுல வைட்டமின் பி1ஐ அழிக்கிற ஒரு நொதி வேற இருக்கு. பச்சை மீனுல வர்ற கிருமியும் சும்மா விடாது. எல்லாத்துக்கும் மேல, மீன் ருசி கண்ட கொடுவா பொறவு பெல்லட்ட, அதாவது குருணைத் தீவனத்தத் தொட பல நாள் முரண்டு புடிக்கும்.

ஏற்கனவே அரைச்ச மீனுல வளந்த குஞ்ச வாங்கிட்டீங்கன்னா ஒரு வழி இருக்கு. அரைச்ச மீனோட தீவனத் தூளப் பெசைஞ்சு உருண்டையா புடிச்சுப் போடுங்க, மொதல்ல மீனு கூட, தூளு கொறைய. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ தூளக் கூட்டிக்கிட்டே வந்தா ரெண்டு வாரம் போல ஆகும்போது முழு தீவனத்துக்கு வந்துரும்.

குஞ்சு ஒண்ண ஒண்ணு திங்குது. பசியா? தீவனம் பத்தலயா?

பசியும் ஒரு காரணம், ஆனா முக்கியமா சைஸ் வித்தியாசம்தான். கொடுவா தன் நீளத்துல பாதிக்கு மேல, சின்ன வயசுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு நீளம் இருக்குற குஞ்சையே முழுங்கப் பாக்கும். பல நேரம் பாதி முழுங்கி மாட்டிக்கிட்டு ரெண்டும் செத்துக் கெடக்கும், வாயில வால் நீட்டிக்கிட்டு இருக்கும், பாத்தாலே மனசு கஷ்டமா இருக்கும். தீவனம் பழகுன குஞ்சு பெருத்துரும், பழகாதது நின்னுரும், அந்த இடைவெளியிலதான் இது தொடங்குது. அதனால பழக்குறதும் தரம் பிரிக்கிறதும் ஒண்ணாவே நடக்கணும்.

மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ பிரிங்க. பிளாஸ்டிக் டப்புக்கு அடியில ஒரே அளவுல ஓட்டை போட்டு தண்ணியில மெதக்க விட்டு, அதுக்குள்ள குஞ்ச விட்டா சின்னது தானா வெளிய போயிரும், பெருசு உள்ள நிக்கும். ஓட்டையோட ஓரத்த உப்புத்தாள் வச்சு நல்லா வழவழன்னு தேச்சுருங்க, இல்லன்னா செதிலக் கீறிரும். வெயிலுக்கு முன்னாடி வெள்ளனே செய்யுங்க, பிரிக்கிற அன்னைக்கு காலையில தீவனம் போட வேண்டாம். பிரிச்ச பொறவு சின்னக் குஞ்சுத் தொட்டிக்கு ஆர்டீமியாவ இன்னும் கொஞ்ச நாள் நீட்டுங்க. நெறைய பேரு அதக் கழிவுன்னு விட்டுருதாங்க, ஆனா பெருசு கூட இல்லாதப்போ அதுல முக்காவாசி தேறி வந்துரும்.

மத்த மீனுக்கும் இதே முறைதானா?

முறை ஒண்ணு, வேகம் வேற. பாம்பனோ லேசு, 15 நாள் வாக்குலயே தூளக் காட்டலாம், ஒண்ண ஒண்ணு திங்கிறதும் கொறவு. புதுசா தொடங்குறவங்களுக்கு நான் அதத்தான் சொல்லுவேன். கடல் விரால் வெரசா வளரும், மூணு வாரம் வாக்குல தொடங்கணும், அதுலயும் தரம் பிரிக்காம முடியாது. களவாதான் ரொம்பக் கஷ்டம், வாய் அவ்வளவு சின்னது, மொதல்ல ரோட்டிஃபர்லயே பொடி ரகம் தேடணும், தீவனத்துக்கு வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அலங்கார மீனுல க்ளவுன் மீன் பொரிக்கும்போதே கொஞ்சம் வளந்து வரும், அதனால ரெண்டு வாரத்துலயே பழகிரும்.

பழக்குற வாரத்துல தெனமும் செத்து மெதக்குது. தண்ணியா, தீவனமா, நோயா?

செத்த குஞ்ச எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாருங்க. தலை பெருசா, உடம்பு குச்சியா இருந்தா அது பட்டினி, பல நாளா திங்கல, அதுக்கு இன்னைக்கு மருந்து கிடையாது. ஆர்டீமியாவ திரும்பக் கூட்டுனா இன்னும் அந்த நெலமைக்கு வராத குஞ்சு பொழைக்கும். உடம்பு கொழுக்கா இருந்து வயித்துல தீவனத்தோட செத்துருந்தா தண்ணியப் பாருங்க. திங்காத தூள் அடியில பஞ்சு மாதிரி படிஞ்சு கெடக்கும், அதுலருந்துதான் அம்மோனியா. தினம் ரெண்டு தடவயாவது சைஃபன் பண்ணி (குழாய் வச்சு உறிஞ்சி) எடுக்கணும், தண்ணி மாத்துறதையும் ஆர்டீமியா காலத்த விட நல்லா கூட்டணும். மேல எண்ணெய்ப் படலம் மெதந்தா அதையும் எடுத்துருங்க, சின்னக் குஞ்சு மேல வந்து காத்து முழுங்கித்தான் காத்துப்பைய நெறைக்கும், படலம் இருந்தா முடியாது.

ஆன்டிபயாட்டிக் போடலாமான்னு கேக்காதீங்க. பட்டினிக்கும் அழுக்குக்கும் அது மருந்து இல்ல.

கரண்ட் போயிருது, காத்து மழை வேற. என்ன முன்னேற்பாடு?

ஏருக்கு மட்டுமாவது பேட்டரி பேக்கப் கட்டாயம் வேணும், நெருக்கமா குஞ்சு இருக்குற தொட்டில ஏர் நின்னா அரை மணி நேரம்கூட தாங்காது. கச்சான் (மேக்காத்து) அடிக்கிற மாசத்துல நம்ம கடற்கரையில மண்ணும் தூசியும் பறக்கும், ஷெட்டுக்கு மேக்குப் பக்கம் மறைப்பு போடுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில உப்பும் சூடும் சேந்து எறங்கும், அந்த நாள்ல ஆர்டீமியாவ நிறுத்துற வேலைய வச்சுக்காதீங்க, ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க.

குஞ்சும் பயிற்சியும் எங்க கிடைக்கும்?

நம்ம நாட்டுல கொடுவாவ அடைச்சு வச்சு முட்டையிட வச்சது 1997ல, சென்னை சிபா (மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு) நிறுவனத்துல. கடல் விரால 2010லயும், பாம்பனோவ 2011லயும் மண்டபம் சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி) நிலையத்துல குஞ்சு எடுத்தாங்க. கொடுவா குஞ்சுக்கு சீர்காழி பக்கம் திருமுல்லைவாசல்ல ஆர்ஜிசிஏ (ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம்) ஹேச்சரி, அதாவது குஞ்சு பொரிப்பகம் உண்டு. நமக்கு கிட்டன்னா தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, அந்தப் பக்கம் நாகர்கோவில் தாண்டி விழிஞ்ஞம் சிஎம்எஃப்ஆர்ஐ. நேர்ல போயி கேளுங்க, தொட்டிக்குப் பக்கத்துல நின்னு ஒரு நாள் பாத்தா இங்க படிக்கிறத விட நல்லா வெளங்கும். கடலோரத்துல உப்புத் தண்ணி யூனிட் போடுறதா இருந்தா கடலோர மீன்வளர்ப்பு ஆணையத்துல பதிவு பண்ணணும், குழி தோண்டுறதுக்கு முன்னாடி அத விசாரிச்சுருங்க.

வாங்கும்போது ஹேச்சரில ஒண்ணு மட்டும் கேளுங்க, இந்தக் குஞ்சு எந்தத் தீவனத்துல, எத்தன மைக்ரான்ல இருக்குன்னு. உங்க கண்ணு முன்னால போட்டுக் காட்டச் சொல்லுங்க. அதே தீவனத்துல கொஞ்சம் கையோட வாங்கிட்டு வந்துருங்க.

தாமிரபரணி பாசனக் குளத்துல, நல்ல தண்ணியில விடணும்னா?

கொடுவா நல்ல தண்ணிக்கு வரும், ஆனா தீவனம் முழுசா பழகுன பொறவுதான் உப்பக் கொறைக்கணும். ரெண்டு மாத்தத்தையும் ஒரே நேரத்துல குஞ்சு மேல ஏத்தாதீங்க. ஒரு இஞ்சுக்கு மேல வளந்து பெல்லட்ட ஓடி வந்து திங்கிற குஞ்சா பாத்து, அஞ்சாறு நாள்ல உப்பக் கொஞ்சம் கொஞ்சமா எறக்குங்க. நேரா பெரிய குளத்துல விடாம அதே குளத்துல ஹாப்பா வலை (நாலு பக்கமும் அடியும் வலையால ஆன கூடு) கட்டி அதுக்குள்ள விட்டு, உடம்பு எடையில 8 - 10 சதவீதம் தீவனத்தப் பல வேளையா பிரிச்சுப் போட்டு, மூணு நாலு இஞ்சு வர்ற வரைக்கும் பிரிச்சுப் பிரிச்சு வளக்கணும். குளத்துல ஏற்கனவே கெண்டைக் குஞ்சு, சிலேபி இருந்தா, ஹாப்பாவுலருந்து தொறந்து விட்ட பொறவு கொடுவா அதுகளத் தின்னுக்கிட்டு பெல்லட்ட மறந்துரும், அதனால மொதல்ல குளத்த நல்லா வத்த வச்சுக் காயப்போட்டுட்டு தண்ணி ஏத்துங்க.